கூண்டு சார் யாரைக் கேட்டார்?

நாட்டின் இணையப் பாதுகாப்புக்கு யார் தலைவர் என்று எந்தத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதில் சொல்லக்கூடிய ஒரே மனிதர் எங்கள் அலுவலகத்தில்தான் இருந்தார். "ஒருத்தரும் இல்ல" என்பது அந்தப் பதில்.

அவரைக் கூண்டு சார் என்போம். தூத்துக்குடி துறைமுகத்துக்குள் போகும் சரக்கு லாரிகளுக்கு அனுமதிச் சீட்டு கொடுப்பது எங்கள் வேலை. அலுவலகத்துக்கு ஒரு இணையப் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்று டெல்லியிலிருந்து உத்தரவு வந்த அன்று அவர் விடுப்பில் இருந்தார். ஆகவே பொறுப்பு அவருக்குப் போனது. பெயர்ப்பலகை வந்தது. அதிகாரம் என்ன என்பது மட்டும் எதிலும் வரவில்லை.

பொறுப்பேற்றதும் இறால் கூடை ஒன்றை வாங்கிக் கணினி அறை ஜன்னலுக்கு வெளியே கயிற்றில் தொங்கவிட்டார். துறைமுகத்தில் புயலுக்கு ஏற்றுகிறார்களே, அதுபோல இணைய ஆபத்துக்கு இவருடைய கூண்டு. ஆபத்துக்கு ஏற்ற எண் அட்டையைக் கூடையில் மாட்டி ஏற்றுவார்; சந்தேகமான மின்னஞ்சலுக்கு ஒன்றாம் எண். கடவுச்சொல்லைத் திரையில் எழுதி ஒட்டினால் மூன்று. மேலாளர் தன் மகளின் பென் டிரைவைச் செருகியபோது ஏழாம் எண் ஏறியது. கீழே டீக்கடையில் இருந்த மீனவர்கள் எழுந்து வானத்தைப் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி, இது ஆபீசா, மீன் ஏலக்கூடமா?" என்றார் மேலாளர்.

"வானிலை ஆபீஸ் ஒண்ணு சொல்லுது, கூண்டு ஏறுது, வள்ளம் கடலுக்குப் போவல. நாலு பேரு நாலு கூண்டு ஏத்துனா எவன் சார் கரை சேருவான்?"

அவருக்கு உதவியாளரான எனக்குக் கேன்டீனில் பாடம் நடந்தது. நான்கு டம்ளர்களை வரிசையாக வைத்தார். ஒன்று தேசிய இணையப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் அலுவலகம். அடுத்தது இணையத் தாக்குதலுக்கான அவசரக் குழு, அது வேறு அமைச்சகம். மூன்றாவது முக்கியக் கட்டமைப்புகளைக் காப்பது. கடைசி டம்ளர் மாநிலக் காவல்துறை.

"தீப்பிடிச்சா எந்த டம்ளரும்மா ஊத்தும்?"

"எதுல சார் தண்ணி இருக்கு?"

"நாலுலயும் இருக்கு. ஊத்துன்னு சொல்லத்தான் ஆள் இல்ல."

ஒரு காலையில் ஏதோ வைரஸ் புகுந்து எங்கள் கணினிக் கோப்புகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொள்ளத் தொடங்கின. நான்கு இடத்துக்கும் போன் போட்டோம். மின்னஞ்சலில் அறிக்கை அனுப்பச் சொன்னது ஓர் இடம், முதலில் பூட்டிக்கொண்டதே மின்னஞ்சல்தான். நீங்கள் எந்த அமைச்சகம் என்று கேட்டது இன்னோர் இடம். மூன்றாமவர் முதலாமவரைக் கேட்கச் சொன்னார். காவல் நிலையத்தில், காணாமல் போனது எத்தனை லாரி என்றார்கள்.

"மேலிடத்துல கேப்போம், பொறுங்க" என்றார் மேலாளர்.

"பொறுத்தா கேக்குறதுக்கு ஒண்ணும் மிஞ்சாது சார்."

பத்தாம் எண் கூண்டு ஏறியது. கூடவே மொத்த இணைப்பையும் துண்டித்துவிட்டார். அன்று முழுக்க உப்பு லாரிகள் சாலையை அடைத்து நின்றன. ஆனால் எங்களோடு இணைந்திருந்த எந்த அலுவலகத்துக்கும் அந்த வைரஸ் பரவவில்லை.

பிறகு மேலிடத்திலிருந்து அவருக்கு மெமோ வந்தது. யாரைக் கேட்டுத் துண்டித்தீர்? 'கேட்க வேண்டியவர் யார் என்று தெரிவித்தால் பதில் தருகிறேன்' என்று எழுதிக் கொடுத்தார்.

நான்கு இடங்களிலிருந்தும் விசாரிக்க வந்தார்கள். செய்தது சரிதான் என்று நால்வரும் தனித்தனியே அவர் கையைப் பிடித்துச் சொன்னார்கள். அதை எழுதிக் கையெழுத்திட்டு விசாரணையை முடிக்கும் அதிகாரம் நால்வருக்கும் இல்லை.

விசாரணை நிலுவையில் இருந்ததால் பணி ஓய்வு நாளில் மாலை இல்லை, கூட்டம் இல்லை. மின்விசிறியை அணைத்துவிட்டு அவரே நடந்து போனார். அதன் பிறகு திங்கட்கிழமைதோறும் ஆறுமுகநேரியிலிருந்து பஸ் ஏறி வருவார்.

"ஏம்மா, தலைவரைக் கண்டுபிடிச்சிட்டாங்களா?"

"தேடுதாங்க சார்."

"தேடட்டும். நமக்கு என்ன அவசரம்" என்று சிரிப்பார். அவசரம் இருந்தது. சட்டை ஒவ்வொரு வாரமும் அவருக்குப் பெரிதாகிக்கொண்டே போனது. அவர் செய்தது தப்பில்லை என்ற ஒரு வரி. அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. அவர் மனைவி போன் செய்தார்.

"விடியக்காலம் போயிட்டாவ. நேத்துகூட, மெமோ முடிஞ்சிட்டான்னு அந்தப் புள்ளைட்ட கேளுன்னு சொன்னாவ."

பாதுகாப்பு அதிகாரி பெயர்ப்பலகை இப்போது என் மேசையில் இருக்கிறது. போனை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனேன். வானம் சுத்தமாக இருந்தது. பத்தாம் எண்ணை மாட்டிக் கூடையை மேலே இழுத்துக் கட்டினேன்.

மேலாளர் வந்து பார்த்தார். யாரைக் கேட்டு ஏற்றினாய் என்று அவர் கேட்கவில்லை.