பழைய பேட்டரி தந்தால் புதியது

பனிச்சிறுத்தையைக் காப்பதற்குத் தகுந்த இடம் ஹைதராபாத் என்பது வடமலை வனவுயிர்க் காப்பு மையத்தின் அசைக்க முடியாத கொள்கை. மலையில் கோப்புகள் நனைந்துவிடும். இயக்குநர் முனைவர் ஜலஜா, பனிச்சிறுத்தையின் வாலைப் பற்றி நானூறு பக்கம் ஆய்வேடு எழுதியவர். வாலை நேரில் பார்த்ததில்லை. அதைத் தாமே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். குறையைச் சொல்லிவிட்டால் அது தீர்ந்துவிடும் என்பது படித்தவர்களின் நம்பிக்கை.

அக்டோபரில் தோர்ஜே போன் செய்தார். அந்த மலைக்காடு முழுமைக்கும் மையம் ஆண்டு ஒப்பந்தத்தில் நியமித்திருந்த ஒரே காவலர் அவர்.

"மேடம், தாய்ச்சிறுத்தை ரெண்டு குட்டி போட்டிருக்கு. கண்ணி வைக்கிறவங்க நடமாட்டம் இருக்கு. கேமராவுல எல்லாம் பேட்டரி தீர்ந்துபோச்சு. பனி விழுந்து கணவாய் மூடறதுக்குள்ள அனுப்புங்க."

ஜலஜா தாமே எழுந்து ஸ்டோருக்கு நடந்தார். அவ்வலுவலகத்தில் அது அவசரநிலைப் பிரகடனத்துக்குச் சமம்.

ஸ்டோர் கீப்பர் சக்ரபாணி, ஹைதராபாத்தை ஒட்டிய லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, தமிழில் ஊர் உருது கலந்து பேசி வளர்ந்தவர். அவருக்குப் பின்னால் புதுப் பேட்டரிகள் பெட்டி பெட்டியாக இருந்தன.

"நக்கோ மேடம், முடியாது. பழசு வந்தாத்தான் புதுசு."

"எந்த மடையன் போட்ட ரூல் அது?"

சக்ரபாணி மரியாதையுடன் சுற்றறிக்கையை நீட்டினார். மலையில் ஒரு பேட்டரிகூடக் குப்பையாகக் கிடக்கலாகாது என்று அது முழங்கியது. கீழே ஜலஜாவின் கையெழுத்து, முனைவர் பட்டத்துடன்.

"மாத்திடலாமே?"

"ஹவ் மேடம், மாத்தலாம். கமிட்டி மார்ச்சுல கூடும்."

"பழசைத் தபால்ல அனுப்பச் சொன்னா?"

"பேட்டரின்னா தபால்ல எடுக்க மாட்டாங்க. ஆள்தான் கொண்டு வரணும்."

"அங்க இருக்கறதே ஒரே ஆள்."

"அப்ப யாரை அனுப்பறதுங்கற குழப்பமே இல்லியே."

எதிர்க்கடையில் வாங்கி அனுப்பிவிடலாம் என்று ஜலஜாவுக்குத் தோன்றாமலில்லை. ஆனால் போன வாரம்தான் பல்கலைக்கழகத்தில், விதியை இயற்றியவரே மீறலாகாது என்று ஒரு மணி நேரம் பேசியிருந்தார். கைதட்டலும் வாங்கியிருந்தார்.

ஐந்து நாள் பயணம் செய்து, செத்த பேட்டரி மூட்டையுடன் தோர்ஜே வந்திறங்கினார். வந்தவரைச் சும்மா அனுப்புவது பண்பாடல்லவே. 'களத்தின் குரல்' என்ற கருத்தரங்கில் மேடையேற்றிச் சால்வை போர்த்தினார்கள். குரலுக்கு மூன்று நிமிடம் ஒதுக்கப்பட்டிருந்தது.

"நான் இங்க இருக்கேன். அங்க யாரும் இல்ல," என்றார் தோர்ஜே.

அரங்கம் அதைக் கவிதையென்று கருதிக் கைதட்டியது. ஜலஜாவும் தட்டினார்.

தோர்ஜே புதுப் பேட்டரிகளுடன் திரும்பியபோது கணவாய் மூடியிருந்தது. அடிவாரத்திலிருந்து போன் வந்தது.

"மேடம், கண்ணிக்காரங்க எனக்கு எதிரே இறங்கிப் போனாங்க. அவங்க மூட்டை கனமா இருந்தது."

ஆண்டறிக்கையில் 'வேட்டை' என்ற கட்டத்தில் கேமராவில் பதிவானதை மட்டுமே எழுதலாம். பதிவானது எதுவுமில்லை. ஜலஜா பேனாவை நெடுநேரம் பிடித்திருந்தார். பிறகு 'இல்லை' என்று எழுதினார். வேட்டையே நடக்காத காட்டுக்கு விருது வந்தது.

ஜலஜா போனில் விருதுச் செய்தி சொன்னபோது தோர்ஜே கேட்டார்: "எத்தனை சிறுத்தைன்னு எழுதினீங்க மேடம்?"

"போன வருஷக் கணக்கோட ரெண்டு குட்டி. நீங்கதானே சொன்னீங்க."



"அப்படின்னா, அதுங்களைக் காவல் காக்க என் வேலையை நீட்டிப்பீங்க இல்லையா?"

மாலைக்குள் உத்தரவு போய்ச் சேர்ந்தது. அம்மையத்தில் அவ்வளவு விரைவாக நகர்ந்த கோப்பு வேறெதுவும் இல்லை.