கன்னம் வாங்கிக்கொண்டு மறியலுக்குப் போன கதை

நான் யாரிடமும் எதையும் கேட்டு வாங்கியதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவள். அது பொய். ஒரே ஒரு தடவை கேட்டு வாங்கினேன். வாங்கியது இரண்டு கன்னம். அதுவும் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று அடம்பிடித்து வாங்கினேன்.

வரக்காப்பொலைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்தில் முப்பத்தொரு வருஷம் பால் வெட்டியவள் நான். படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றது. அதனால் இதை எழுதி முடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவசரம் ஒன்றும் இல்லை. நடந்து பல வருஷமாகிறது, கன்னம் எங்கே ஓடிப்போய்விடப் போகிறது? (ஓடித்தான் போனது. அதைப் பிறகு சொல்கிறேன்.)

படிப்பில்லை, நிலமில்லை, புருஷனும் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்கென்று இருந்தது முகம் ஒன்றுதான். கல்யாணமாகி வந்த புதிதில் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் என்னைப் பார்த்துக்கொண்டே நின்ற ஒருத்தி அரிசியைக் கழுவாமல் கொண்டுபோய் உலையில் போட்டுவிட்டாள் என்று நாங்கள் குடியிருந்த லயத்தில் ஒரு கதை உண்டு. அந்தக் கதையைப் பரப்பியது நான்தான்.

எனக்கு ஒரே மகன், மோகன். கொழும்பில் இரும்புச் சாமான் கடையில் வேலை பார்த்தான். சண்டை முடிவதற்கு முந்தைய வருஷம் ஒரு சுற்றிவளைப்பில் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் இருந்த அறையில் முன்பு குடியிருந்த யாரையோ தேடி வந்திருக்கிறார்கள். அந்த ஆள் இல்லை. என் மகன் இருந்தான். அவ்வளவுதான் அவன் செய்த குற்றம்.

இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மறியலில், அதுதான் சிறையில், போய்ப் பார்க்கலாம். பத்து நிமிஷம். அவனுக்கு முன்னால் ஒரு கம்பி வலை, எனக்கு முன்னால் ஒரு கம்பி வலை, நடுவில் ஒரு கை நீளத்துக்கு இடைவெளி. அங்கே வெளிச்சமும் கிடையாது. பேசுவதென்றால் கத்த வேண்டும். பக்கத்தில் நிற்கிறவர்களும் கத்துவார்கள்.

அவன் உள்ளே போய் எட்டு மாதத்தில் என் முகம் இறங்கிவிட்டது. போதாததற்குக் கடைவாய்ப் பல் மேலே மூன்று, கீழே நான்கு பிடுங்க வேண்டி வந்தது. கன்னம் இரண்டும் உள்ளே போய், பால் பிடிக்கிற சிரட்டையைக் கவிழ்த்து அமுக்கிவிட்ட மாதிரி இரண்டு குழி.

ஒரு சனிக்கிழமை போனபோது அவன் வலையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தான். பிறகு அழுதான்.

"என்னம்மா இது? எலும்பு தெரியுதே. சாப்பிடுறீங்களா இல்லையா?"

"பல்லு பிடுங்கினதுடா. வேற ஒண்ணுமில்லை."

"பொய் சொல்லாதீங்கம்மா. உங்க மூஞ்சியப் பார்த்துட்டு உள்ள போனா நாலு நாளைக்குச் சோறு இறங்க மாட்டேங்குது." பிறகு குரலை இறக்கினான். "ஒரு கடுதாசி எழுதி வச்சிருக்காங்க. கையெழுத்துப் போட்டா சீக்கிரம் முடிஞ்சிரும்ங்கிறாங்க. போட்டுறலாம்னு இருக்கேன். நீங்க இப்படி அலைஞ்சு செத்துப் போறத என்னால பார்க்க ஏலாது."

குற்றத்தை ஒப்புக்கொள்கிறதாகச் சிங்களத்தில் எழுதிய கடுதாசி அது. மோகன் சிங்களம் நன்றாகப் பேசுவான், ஆனால் வாசிக்கத் தெரியாது. அவனுக்காக வழக்குப் பேசிய வக்கீல் ஐயா எனக்குத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியது ஒன்றுதான்: என்ன ஆனாலும் கையெழுத்துப் போட விடாதீங்க, போட்டால் எத்தனை வருஷம் என்று யாருக்கும் தெரியாது. அதை நான் கத்தினேன். அவன் காதில் வாங்கவில்லை. என் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடுத்த முறை வர்றப்ப சொல்றேன்" என்றான். மணி அடித்துவிட்டார்கள்.

பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே நினைப்பு. இரண்டு வாரத்தில் எனக்குக் கன்னம் வேண்டும். முட்டை குடித்துப் பார்த்தேன். கஞ்சி, நெத்தலி, பேரீச்சம்பழம் எல்லாம் சாப்பிட்டுப் பார்த்தேன். வயிறு மட்டும்தான் வந்தது. வலை நெஞ்சுக்கு மேலேதான், வயிறு தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் கோயில் திருவிழாவுக்கு என் தங்கை மகள் செல்வி வந்தாள். கொழும்பில் ஒரு பியூட்டி பார்லரில் தலை கழுவி விடுகிற வேலை அவளுக்கு. நான் அழுததைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"பெரியம்மா, எங்க முதலாளி நோனா இப்ப கன்னத்துக்கு ஊசி போடப் படிக்கிறாங்க. மருந்து உள்ள போனதும் கன்னம் உப்பி வந்துரும். வியாழக்கிழமை இந்தியாவுல இருந்து டாக்டரம்மா வந்து செஞ்சு காட்டுறாங்க. காட்டுறதுக்கு ஒரு முகம் வேணுமாம். காசு ஒண்ணும் வாங்க மாட்டாங்களாம்."

"எத்தனை நாளைக்கு நிக்கும்?"

"ஆறு மாசமாவது நிக்குமாம்."

"எனக்கு ஒரு சனிக்கிழமை நின்னாப் போதும்" என்றேன்.

வியாழக்கிழமை காலையில் பார்லரில் என்னைச் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்தார்கள். சுற்றி ஊசி வேலை படிக்க வந்த நான்கைந்து நோனாமார். டாக்டரம்மா நல்ல மனுஷி, பொறுமையாகப் பேசினார். கன்னத்தில் பென்சிலால் புள்ளி வைத்தார்.

"கொஞ்சமாத்தான் போடுவேன்மா. ரெண்டு வாரம் கழிச்சு வீக்கமெல்லாம் வடிஞ்ச பிறகு பார்த்துட்டு, வேணும்னா கூட்டலாம். பார்க்கிறவங்களுக்கு ஊசி போட்டதே தெரியக்கூடாது. நல்லாச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த மாதிரி இருக்கணும். அதுதான் இதுல வேலையே."

தெரியக்கூடாதாம்! இரண்டு வலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனுக்குத் தெரியத்தானே நான் வந்தது? ஊசி போட்டு முடித்துக் கண்ணாடியைக் கொடுத்தார். உண்மையைச் சொல்கிறேன், நன்றாகத்தான் இருந்தது. குழி மூடிவிட்டது. நாற்பது வயது முகம்.

அதோடு எழுந்து வந்திருந்தால் நான் இதை எழுத வேண்டிய தேவையே இல்லை. ஆனால் டாக்டரம்மா தட்டில் வைத்துவிட்டுப் போன ஊசிக்குழாயைப் பார்த்துவிட்டேன். அதில் பாதி மருந்து மீதி இருந்தது.

தோட்டத்துக்காரர்களுக்குத்தான் இது விளங்கும். முப்பத்தொரு வருஷமாக நான் சுமந்துகொண்டு போன பாலை யாரும் எனக்குச் சரியாக அளந்ததில்லை. தண்ணீர் கலந்திருக்கிறது என்று கொஞ்சம், வாளிப் பாரம் என்று கொஞ்சம், மழை என்று கொஞ்சம் வெட்டித்தான் எழுதுவார்கள். சண்டை பிடிக்கிறவளுக்குக் கொஞ்சம் குறைத்து வெட்டுவார்கள். வாயை மூடிக்கொண்டு நிற்கிறவளுக்கு வாளியைத் தவிர எல்லாவற்றையும் வெட்டுவார்கள். ஆகவே அளக்கிறவர் யாராக இருந்தாலும் போதாது என்று சொல்லிவிட்டுத்தான் மற்ற வேலை. எங்கள் மலையில் பிள்ளைகள் கூட அப்படித்தான் பேசப் பழகும்.

அந்த மீதியைப் பார்த்ததும் எனக்குப் பால் அளந்து எழுதுகிற கணக்கப்பிள்ளையின் முகம்தான் ஞாபகம் வந்தது. ஓகோ, இங்கேயும் வெட்டுகிறார்களா?

டாக்டரம்மா சாப்பிடப் போனதும் பார்லர் நோனாவைக் கூப்பிட்டேன். "தவ டிக்கக், நோனா" என்றேன். சிங்களத்தில் இன்னும் கொஞ்சம் என்று அர்த்தம்.

நோனா யோசித்தார். செல்வி பதறினாள். "பெரியம்மா, வேணாம். டாக்டரம்மா ஏசுவாங்க."

"நீ சும்மா இருடி. எனக்கு வச்ச மருந்தை இவங்க யாருக்கு மிச்சம் பிடிக்கிறாங்க?"

நோனாவுக்கும் கை துருதுருவென்றுதான் இருந்திருக்கிறது. புதிதாகப் படித்த வேலை அல்லவா. கொஞ்சம் போட்டார். கண்ணாடியைப் பார்த்தேன். "தவ டிக்கக்." இன்னும் கொஞ்சம் போட்டார். இடது பக்கம் கூடிவிட்டது, அதற்குச் சரியாக வலது பக்கமும் போட்டார். உதட்டோரத்திலும் இரண்டு குத்து வாங்கிக்கொண்டேன். புதுக் குழாய் ஒன்றை உடைத்து அதையும் முடித்த பிறகுதான் எழுந்தேன். என் ஆயுளில் முதல் தடவையாக ஒருத்தர் எனக்குக் குறைக்காமல் அளந்திருக்கிறார் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

வெள்ளிக்கிழமை செல்வியின் அறையிலேயே தங்கினேன். முகம் ஏறிக்கொண்டே போனது. சனிக்கிழமை காலையில் கண்ணாடியில் பார்த்தேன். கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு பணிஸ் ரொட்டி. நடுவில் மூக்கு புதைந்து கிடந்தது. கண் இரண்டும் கீற்று. மேலுதடு முன்னால் நீட்டிக்கொண்டு, நானே யாரையோ முறைக்கிற மாதிரி இருந்தது. செல்வி என்னைப் பார்த்துவிட்டு, "ஐஸ் வாங்கிட்டு வரட்டுமா பெரியம்மா?" என்றாள்.

"கன்னம் இருக்குல்ல? வா போவோம்" என்றேன். வாய் சரியாக மூடாததால் அது வேறு ஏதோ பாஷை மாதிரி வெளியே வந்தது.

மறியல் வாசலில் அடையாள அட்டையை நீட்டினேன். எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு அந்த அட்டை சும்மா கிடைத்ததில்லை. அலையோ அலை என்று அலைந்து, அதற்கு இரண்டு வருஷம் முன்புதான் என் கைக்கு வந்தது. அதில் இருக்கிற படம் ஒட்டி உலர்ந்த ஒரு பெண். வாசலில் இருந்த பொலிஸ்காரி படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பவும் படத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

"இது உன்னுடைய அட்டை இல்லை" என்றாள் சிங்களத்தில்.

அந்த நாளில் அடுத்தவருடைய அட்டையோடு ஒரு தமிழ்ப் பெண் மறியல் வாசலில் நின்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் பத்தடி தள்ளிப்போனார்கள். பையைக் கொட்டினார்கள். நான் மகனுக்குக் கொண்டுபோன ரொட்டியைக் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். ஒருத்தி என் கன்னத்தை விரலால் அமுக்கினாள். செல்வி அழுதுகொண்டே ஊசிக் கதையைச் சொன்னாள். உள்ளேயிருந்து இன்னும் நாலு பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

அவர்களில் ஒருத்தி சொன்னாள்: "மகன் உள்ளே கிடக்கிறான், அம்மேக்கு அலங்காரம் கேட்கிறதா?"

கன்னத்தை அமுக்கியது வலிக்கவில்லை. இது வலித்தது.

நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் பெரிய ஐயா ஒருவர் வந்து, மகனைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார். அவன் ஆம் என்றால் பார்க்கலாம், இல்லை என்றால் என்னை ஜீப்பில் ஏற்ற வேண்டும். அப்பாடா என்று இருந்தது எனக்கு. பெற்ற பிள்ளைக்குத் தெரியாதா?

வலைக்கு அந்தப் பக்கம் மோகனை நிறுத்தினார்கள். எட்டு நாள் சாப்பிடாதவன் மாதிரி நின்றான். என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"இது உன் அம்மாவா?" என்று கேட்டார் பெரிய ஐயா.

"இல்லை சேர்" என்றான். "இவங்க யாருன்னு எனக்குத் தெரியாது."

இரண்டு பேர் என் கையைப் பிடித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. வீங்கிய உதட்டைப் பிய்த்துக்கொண்டு கத்தினேன்.

"அடேய் எருமை! மூஞ்சிய ஏன்டா பார்க்கிற? குரலைக் கேளுடா! உன்னை இடுப்புல கட்டிக்கிட்டு முந்நூறு மரத்துல பால் வெட்டினவடா நானு! பெத்தவளைத் தெரியாதாம் இவனுக்கு, வெளக்கமாத்தால போடுவேன்!"

அவன் வாயைப் பிளந்தான்.

"அம்மா? ஐயோ, என்னம்மா இது, குளவி கொட்டிருச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஏனோ பொய் வரவில்லை. "ஊசிடா" என்றேன். "கன்னம் குழி விழுந்துபோச்சுன்னு நீதானே அழுதே? சோறு இறங்கலன்னியே? இந்தா, கன்னம். பார்த்துக்கோ."

அவன் சிரிக்கத் தொடங்கினான். வலையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, மூச்சு முட்டச் சிரித்தான். என் கையைப் பிடித்திருந்தவளும் சிரித்துவிட்டாள். எட்டு மாதத்தில் அவன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சிரிக்கும்போது முன்பல் ஒன்று இல்லாததையும் அன்றைக்குத்தான் பார்த்தேன். அது எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை அவனும் சொல்லவில்லை.

மிச்சம் மூன்று நிமிஷம் கொடுத்தார்கள்.

"கடுதாசி?" என்றேன்.

"போட மாட்டேம்மா." கண்ணைத் துடைத்தான். "வெளியில வந்து இந்தக் கன்னத்தைக் கிட்டத்துல பார்க்காம போட மாட்டேன்."

தோட்டத்தில் நான் ஊசியைப் பற்றி மூச்சு விடவில்லை. எனக்கென்று ஒரு கௌரவம் இருக்கிறதே. மோகன் எடுத்துக் கொடுத்ததையே வைத்துக்கொண்டு, குளவி என்றேன். எங்கே என்று கேட்டார்கள், மூன்றாம் நம்பர் மலை என்றேன். (அந்தக் கூட்டைத் தேடி இரண்டு ஆட்கள் தீப்பந்தத்தோடு இரண்டு நாள் அலைந்தார்கள். கிடைக்காததால் ஒரு வாரம் அந்த மலையில் யாரையும் பால் வெட்ட விடவில்லை. பாவம், என்னை மன்னிக்க வேண்டும்.)

வீக்கம் பத்து நாளில் வடிந்தது. மருந்து ஒரு வருஷம் வரைக்கும் கிடந்து, போகும்போது ஒரு பக்கம் முதலில் போனது. மோகன் வெளியே வர அதற்கு மேலும் எட்டு மாதமானது. குற்றம் ஒன்றும் இல்லை என்று விட்டார்கள். வாசலில் நான் நின்றபோது கன்னம் பழையபடி குழிதான். அவன் கிட்டத்தில் வந்து பார்த்துவிட்டு, "ஏமாத்திட்டீங்களேம்மா" என்றான்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் சோறு போடும்போது யாரும் போதாது என்று சொல்வதில்லை. "தவ டிக்கக், நோனா" என்பார்கள். நான் கடைக்கோ கோயிலுக்கோ போய்விட்டு வந்தால் மோகன் வாசலை மறித்துக்கொண்டு நிற்பான். "கார்டை எடுங்க" என்பான். எடுத்துக் கொடுத்தால் பார்த்துவிட்டு, "இவங்க யாருன்னு எனக்குத் தெரியாது" என்பான். நான் எருமை என்று ஏசினால்தான் வழி விடுவான். வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லித்தான் தேநீர் கொடுப்பார்கள்.

போன வருஷம் மூன்று வாரம் கேகாலை ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தேன். முகம் மறுபடி எலும்பாகிவிட்டது. மோகன் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தான். வாசலில் மறிக்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் என் செருப்பைக் கழற்றிவிட்டான். எனக்கு அது பிடிக்கவில்லை. பையில் துழாவி அட்டையை எடுத்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

வாங்கிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"இவங்க யாருன்னு எனக்குத் தெரியாது" என்றான்.

"அடேய் எருமை" என்றேன். பிறகு உள்ளே போனோம்.