திராட்சைக்கு டிரிப்ஸ் ஏற்றியவர்

தாம்பரம் தொடங்கி வண்டலூர் வரை தேடினாலும் எங்கள் டிரிப்ஸ் சாரைப் போல ஒரு கஞ்சனைப் பார்க்க முடியாது. காசில் இல்லை; தண்ணீரில். தாகம் என்று போனால் அரை டம்ளர்தான் கொடுப்பார். குடித்து முடித்ததும், இன்னும் வேண்டுமா என்று வக்கீல் மாதிரி குறுக்கு விசாரணை செய்வார். நமக்குத் தாகமே அடங்கிவிடும்.

சேலையூரில் நான் குடியிருந்த அடுக்குமாடியின் மொட்டை மாடியில் அவர் பன்னீர் திராட்சை வளர்த்தார். குளுக்கோஸ் ஏற்றுகிற டியூபை மருந்துக் கடையில் வாங்கி ஒரு பாட்டிலில் மாட்டி, அதன் சக்கரத்தைத் திருகித் திருகி, வேரடியில் சொட்டுச் சொட்டாக விழ வைப்பார். மாடித் தொட்டி கழுவ வந்தவர் இதைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், கொடிக்கு டிரிப்ஸ் ஏத்திகினு கீறீங்க. ஜுரமா?" என்று கேட்டார். அன்றோடு சாரின் சொந்தப் பெயர் போயிற்று.

ஒருமுறை அவருக்கே டெங்கு வந்து குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நர்ஸ் டிரிப்ஸ் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் எழுந்து உட்கார்ந்து, வேகம் ஜாஸ்தி, பாதி வேஸ்ட்டாகப் போகும் என்று சக்கரத்தில் கை வைத்துவிட்டார். அந்தப் பெண் பட்டென்று கையைத் தட்டிவிட்டாள்.

இப்பேர்ப்பட்டவருக்குப் போன கோடையில் சோதனை வந்தது. போர் வற்றிப்போய் லாரித் தண்ணீர்தான் கதி; தினமும் குடத்தோடு சண்டை. மனுஷருக்கே தண்ணீர் இல்லை, கொடியை வெட்டிவிடலாம் என்று மீட்டிங்கில் செக்ரட்டரி மேடம் சொன்னார். எல்லோரும் கை தூக்கினார்கள். சார் மன்றாடினார். குளிக்கிற தண்ணீரில் பாதியைக் கொடிக்குக் கொடுப்பதாகச் சொன்னார். சரி, பிஞ்சு விட்டிருக்கிறதே, பழுக்கட்டும். நல்ல பழம் வராவிட்டால் வெட்டு என்று தவணை கொடுத்தார்கள்.

காய் கறுக்க ஆரம்பித்ததும் சார் அந்தச் சொட்டையும் குறைத்தார். இப்போது தண்ணீர் கூடினால் பழம் வெடித்துவிடும் என்று என்னிடம் சொன்னார். மற்றவர்களிடமும் சொல்லியிருக்கலாம். என்ன செய்வது, மனிதர் வார்த்தையிலும் சிக்கனம்.

ஒரு நாள் காலை மாடிக்குப் போனால், கொத்துக் கொத்தாகப் பழம் வெடித்துத் தொங்குகிறது. அடியில் மண் சேறாகிக் கிடக்கிறது. சார் பேயறைந்த மாதிரி நின்றார். எல்லோரையும் மேலே கூப்பிட்டு, யார் தண்ணீர் ஊற்றியது என்று கேட்டார். செக்ரட்டரி மேடம்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"நான்தான் சார். காஞ்சுபோய்க் கெடக்குதேன்னு மனசு கேக்கல. அரிசி கழுவின தண்ணி, ஒரு சொம்பு."

முதல் மாடி அக்கா, காய்கறி அலசின தண்ணீர் என்றார். எதிர்வீட்டு ஐ.டி. தம்பி, ஏ.சி.யில் வடிந்தது என்று தலையைச் சொறிந்தான். வெட்டச் சொல்லிக் கை தூக்கிய அத்தனை வீடும், ஒருவருக்கொருவர் தெரியாமல் ஊற்றியிருந்தது. லாரி வந்தால் முடியைப் பிடித்துச் சண்டை போடுகிற ஜனங்கள்!

சார் வெடித்த பழங்களைப் பறித்து எல்லோர் கையிலும் கொடுத்தார். செம புளிப்பு. ஒருவரும் துப்பவில்லை. செக்ரட்டரி மேடம் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிவிட்டு, "கொடி இருக்கட்டும் சார். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார்.

"அடுத்த வருஷம் மாடிக்குப் பூட்டு போட்டுருவேன்" என்று சார் சீறினார். சீறிக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த மனிதரை எங்களுக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது எங்களுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.