காயின் வந்து சேரவில்லை

கென்னத்தின் கைப்பேசியில் மூன்று நாளாகப் பூஜ்யம்தான் தெரிந்தது.

மூவாயிரம் மலேசிய வெள்ளிக்கு பிட்காயின் வாங்கியிருந்தார். பெரிய கம்பெனியில் இல்லை. பண்டார் பாருவில், வீட்டிலிருந்தபடியே ஃபேஸ்புக் பக்கம் வைத்து, காசை வாங்கிக்கொண்டு காயினை அனுப்பிவைக்கும் ரமணி என்ற பெண்ணிடம் வாங்கினார். கம்பெனி என்றால் ஃபாரம், பாஸ்வேர்டு என்று உயிரை எடுப்பார்கள். இவள் தமிழில் பேசினாள், 'அண்ணே' என்றாள். அது போதுமாக இருந்தது.

கென்னத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. பீடோங் பக்கத்தில் ஒரு பாமாயில் ஆலையில் ஸ்டோர் கிளார்க். அந்த மூவாயிரம், அடுப்படியை நீட்டிக் கட்ட மனைவி செரீனா சேர்த்து வைத்தது. அவளிடம் சொல்லவில்லை. இரட்டிப்பான பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்.

பதினோராவது தடவையாக ரமணிக்குப் போன் செய்தார்.

"அண்ணே, அன்னைக்கே அனுப்பிட்டேண்ணே. ரசீதுகூட வாட்ஸ்அப்ல போட்டிருக்கேன், பாருங்க."

"ரசீத வச்சி நான் என்னம்மா செய்யிறது? போன்ல ஒண்ணும் இல்லையே!"

"நீங்க குடுத்த காயின் அட்ரஸுக்குத்தாண்ணே போயிருக்கு. நல்லா பாருங்க."

நல்லாப் பார்ப்பதற்காக பீடோங்கில் கைப்பேசி பழுது பார்க்கும் சீனரிடம் கொண்டுபோனார். அவர் செயலியை அழித்து மறுபடி ஏற்றினார். போகிற போக்கில் மகளின் பட்டமளிப்புப் படங்களும் அழிந்தன.

"கோசோங் லா, அங்கிள்" என்று காலியான திரையைத் திருப்பிக் காட்டி, முப்பது வெள்ளி வாங்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கென்னத் ஒரு காரியம் செய்தார். ரமணியின் பக்கத்திலிருந்து அவள் படத்தை எடுத்து, 'இவளை நம்பாதீர்கள், என் மூவாயிரத்தை விழுங்கிவிட்டாள்' என்று எழுதி, கெடா தமிழர்கள் கூடும் ஃபேஸ்புக் குழுவில் போட்டார். பெயர் தெரியக்கூடாது என்று 'உண்மை விரும்பி' என்ற புதுக் கணக்கில்தான் போட்டார். ஆனால் ஆதாரத்துக்காகச் சேர்த்த வங்கிச் சீட்டில் அவருடைய முழுப் பெயரும் இருந்தது.

மறுநாள் விடிவதற்குள் ஆயிரத்து இருநூறு பேர் அதைப் பகிர்ந்திருந்தார்கள். ஆயிரத்து இருநூற்று ஒன்றாவதாக அது செரீனாவின் கைக்கு வந்தது.

"இது யாரு காசு?"

"இல்ல செரீனா, வந்து..."

"என் அடுப்படியா?"

கென்னத் தலையைக் குனிந்துகொண்டார். செரீனா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஃபேஸ்புக்ல எழுதுனா காசு வந்துருமா? கெளம்புங்க, போலீஸ் பாலாய்க்கு."

போலீஸ் நிலையத்தில் புகாரை எழுதிக்கொண்ட சார்ஜன்ட் முருகையா பொறுமையான மனிதர். ரசீதைப் பார்த்தார். கென்னத் ரமணிக்கு அனுப்பிய செய்தியைப் பார்த்தார். இரண்டிலும் இருந்த நீளமான முகவரியை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார்.

"அண்ணே, நீங்க குடுத்த அட்ரஸுக்குத்தான் அந்தம்மா அனுப்பிருக்கு. ஆனா அது உங்க போன்ல இருக்கிற அட்ரஸ் இல்லையே. யாரோடது இது?"

கென்னத் வாட்ஸ்அப்பை மேலே தள்ளிக்கொண்டே போனார். நான்கு மாதத்துக்கு முந்தைய செய்தி ஒன்றில் விரல் நின்றது. செரீனாவின் தம்பி இவான் அனுப்பியது. 'மச்சான், காயின் அட்ரஸ்னா இப்படித்தான் இருக்கும். இது என்னோடது, சும்மா பாத்து வச்சுக்குங்க.'

சும்மா பார்த்து வைத்ததைத்தான் நகல் எடுத்து ரமணிக்கு அனுப்பியிருக்கிறார்.

"ஐயோ, என் தம்பிகிட்டயா இருக்கு!" என்று செரீனா முதல் தடவையாகச் சிரித்தாள்.

உடனே இவானுக்குப் போன் போட்டாள். போகவில்லை. சரவாக் கடலில் எண்ணெய் மேடையில் வேலை அவனுக்கு. நான்கு நாளைக்கு முன்புதான் ஏறினான். அங்கே போய்விட்டால் இரண்டு வாரத்துக்கு லைன் கிடைப்பதே அபூர்வம்.

"அவன்கிட்ட கேட்டுட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றார் முருகையா.

கென்னத்தால் அவ்வளவு நாள் பொறுக்க முடியவில்லை. பணம் எங்கே போய்விடும், மச்சினன்கிட்டதானே இருக்கிறது. ஆனால் ஒரு பெண்ணின் முகத்தை ஊர் முழுக்க ஒட்டியாகிவிட்டதே. மறுநாள் லீவு போட்டுவிட்டு பண்டார் பாருவுக்குக் காரை விட்டார்.

ரமணி ஒரு வரிசை வீட்டில் இருந்தாள். தையல் மிஷின் மேல் மடிக்கணினி. முகம் வீங்கியிருந்தது.

"பக்கத்தையே மூடிட்டாங்கண்ணே. பாதி கஸ்டமரு போயிட்டாங்க. நேத்து பாசார்ல ஒரு ஆளு என் முகத்தப் பாத்து 'திருடி'ன்னான்."

கென்னத்துக்குத் தரையில் புதைந்துவிடலாம் போல இருந்தது. "தப்பு என்னோடதும்மா. அட்ரஸ நான்தான் மாத்திக் குடுத்துட்டேன்."

ரமணி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அட்ரஸ் யாரோடதுண்ணே?"

"என் மச்சினனோடது. கடல்ல இருக்கான், இன்னும் பேச முடியல."

"அப்படியா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, தேத்தண்ணி கலக்க எழுந்தாள்.

மேசையில் இருந்த அவள் கைப்பேசி டிங் என்றது. ஓடிவந்து பார்த்தாள். "கஸ்டமரு விக்கச் சொல்லி காயின் அனுப்பிருக்காங்க. ஒரு சென்னு காசு உள்ள வந்தாலும் சத்தம் போட்டுரும்ணே. தூக்கத்துலகூட எந்திரிச்சிருவேன்."

எவ்வளவு பொறுப்பான பெண்! கென்னத் போனஸில் மிச்சமிருந்த எண்ணூறு வெள்ளியை எடுத்து நீட்டினார்.

"வேணாம்ணே."

"வச்சுக்கம்மா."

"வேணாம்ணே, பாவம் நீங்க."

மூன்றாவது தடவை வாங்கிக்கொண்டாள். பிறகு தயங்கித் தயங்கி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்தாள். "ஒண்ணே ஒண்ணு. என்கிட்ட உங்களுக்கு ஒரு காசும் பாக்கி இல்லன்னு எழுதிக் குடுத்துருங்கண்ணே. கஸ்டமருங்க கேட்டா காட்டணும்ல?"

அவர் எழுதினார். கையெழுத்துப் போட்டார். அடையாள அட்டை எண்ணையும் தாமாகவே சேர்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் மன்னிப்புக் கேட்டு, தன் சொந்தப் பெயரில், அதே குழுவில் எழுதினார். 'ரமணி தங்கமான பெண். தவறு முழுவதும் என்னுடையது.' அதை ஏழு பேர் விரும்பினார்கள். அதில் ஒன்று அவரே போட்டது. கீழே ஒருவர், 'எவ்வளவு வெட்டுனா, அண்ணே?' என்று கேட்டிருந்தார். இன்னொருவர், 'இவனும் கூட்டுக் களவாணிதான்' என்று முடிவே கட்டியிருந்தார். ஆலையில் லோரி ஓட்டுநர்கள் அவரைப் பார்த்து 'உண்மை விரும்பி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

பரவாயில்லை, பட்டுத்தான் ஆகவேண்டும் என்று நினைத்துக்கொண்டு, பாலாய்க்குப் போய்ப் புகாரையும் வாபஸ் வாங்கினார்.

"நிச்சயமா? அப்புறம் வந்து நிக்கக்கூடாது லா" என்றார் முருகையா.

"அந்தப் பொண்ணுக்குச் செஞ்ச பாவத்துக்கு நான் கோயில்ல முட்டி போடணும், சார்ஜன்ட்."

பத்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது இவான் கூப்பிட்டான். செரீனா ஸ்பீக்கரில் போட்டாள். அதற்குள் அவள் சுவருக்குச் சிமெண்டுகூட விலை விசாரித்து வைத்திருந்தாள்.

"தம்பி, நீ கடலுக்குப் போறதுக்கு முந்தி உன் கணக்குல ஏதாவது காயின் வந்துச்சா?" என்று கென்னத் கேட்டார்.

"வந்துச்சே மச்சான்! ஏர்போர்ட்ல இருந்தேன், திடீர்னு மூவாயிரம் வெள்ளிக்கு வந்து நிக்கிது. எனக்கு யாரு அனுப்பப்போறா? பாவம், யாரோ தெரியாம அனுப்பிட்டாங்கன்னு, பத்தே நிமிஷத்துல அனுப்புன ஆளுக்கே திருப்பி அனுப்பிட்டேன்."