வினோத்குமார் முடித்த கம்பளம்

உலகில் தொடங்குவோர் என்றோர் இனம் உண்டு. ஒரு வேலையை எப்படித் தொடங்குவது என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர் எவருமில்லை. அவர்கள் அதைத் தவிர வேறெதுவும் செய்ததில்லை. வாசகரே, இவ்வினத்தின் குறையற்ற மாதிரி ஒன்றைக் காண விரும்பினால், போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரி வினோத்குமாரின் வீட்டுப் பரணில் ஏறிப் பாருங்கள். குரங்கணி மலையடிவாரத்தில் ஜீப் நிற்கும் இடத்தைத் தாண்டி ஓரடியும் ஏறாத மலையேற்றக் காலணி, தேனீ குடிபுகாத தேன்பெட்டி, உறையைவிட்டு வெளிவராத புல்லாங்குழல் ஆகிய மூன்றும் அங்கே ஒற்றுமையாக வாழ்கின்றன.

சென்ற தை மாதம் அவர் கைப்பேசியில் ஒரு காணொளி வந்தது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணிக்குப் பின்னால் ஒருவர் நின்று, துப்பாக்கி போன்ற கருவியை அழுத்த, அது படபடவென்று கம்பளி நூலைக் குத்திக்கொண்டே போக, பத்து நிமிடத்தில் கம்பளம்! காணொளி பத்து நிமிடம் என்பதால் வேலையும் பத்து நிமிடம் என நம்புவது இவ்வினத்தின் முதல் அடையாளம். இரண்டாவது, உடனே ஊருக்கு அறிவிப்பது. தங்கை முத்துப்பிரியா, மகளின் காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்க வந்திருந்தாள். தாய்மாமன் மடியில்தானே குழந்தை உட்கார வேண்டும்?

"மண்டபத்து ஜமுக்காளத்துல உக்கார மாட்டேன். என் கையால செஞ்ச கம்பளத்துலதான் உக்காருவேன்."

"அண்ணே, இதையாவது முடிச்சுருவியா? இவுக வீட்டு ஆளுக ஏற்கெனவே உன்னையத் 'தொடக்கவிழா'ன்னுதான் சொல்றாக. சபையில என் மானத்த வாங்கிராத."

அந்தப் பட்டம் அவரைத் தைத்துவிட்டது. கருவி வந்தது; பதினெட்டு நிறத்தில் நூல் வந்தது; பாதுகாப்புக் கண்ணாடியும் வந்தது. துணி மட்டும் வரவில்லை. ஏலக்காய்ச் சாக்கு எதற்கு இருக்கிறது? அதைச் சட்டத்தில் அறைந்தார். இரண்டாம் வரியிலேயே சாக்கு கிழிந்து, கருவி மறுபுறம் எட்டிப் பார்த்தது. பிறகு முறையான துணி வந்தது. காய் தரம்பிரிக்கும் அறையில் சட்டம் நின்றதால், பச்சைக் காயெல்லாம் கம்பளித் தூசு.

"ஏங்க, குளிருதுன்னு ஏலக்காய் கேட்டுச்சா? சொட்டர் போட்டு விடுறீக!" என்றாள் மனைவி சந்திரவல்லி.

அவர் அசையவில்லை. ஐம்பது நாள் குத்தினார். பின்புறம் பசை தடவினார். முன்புற நூல்முனைகளைச் சீராகக் கத்தரித்தார். வாழ்வில் முதன்முறையாக ஒன்றை முடித்தேவிட்டார்.

சித்திரையில் காதுகுத்து. நிறைந்த சபை நடுவே கம்பளத்தை விரித்தார். அதில் பெரிய மீசையும் சிரிப்புமாக, காலஞ்சென்ற அப்பா வெள்ளைத்துரை! உட்காரப் போன வினோத்குமார் தூக்கிய காலோடு நின்றார். அப்பாவின் மீசையை எப்படிக் கொண்டுவருவது என்று ஐம்பது நாள் சிந்தித்தவர், அதன்மேல் உட்காரப்போவது யார் என்று ஒரு நாளும் சிந்திக்கவில்லை.

"ஆத்தாடி! அப்பா மூஞ்சிலயாண்ணே உக்காரப் போற?"

முத்துப்பிரியாவின் கணவன் பிரதீப் குனிந்து ஆராய்ந்தான். "மாமாவுக்கு மச்சம் எடது கன்னத்துல. இதுல வலது கன்னத்துல இருக்கு. அப்ப இது மாமாவே இல்ல. சும்மா உக்காருங்க மச்சான்."

பின்னாலிருந்து குத்தினால் முன்னால் இடம் வலமாகும். காணொளி அதையும் சொல்லியிருந்தது, அவர் பாதியில் நிறுத்திய இடத்துக்குப் பிறகு.

"கவுத்துப் போட்டு உக்காரலாமே?" என்றது ஒரு குரல்.

"அப்பாவக் குப்புறப் போடவா?" என்று சீறினாள் முத்துப்பிரியா.

"நேரம் போகுது, வெரசா!" என்றார் ஊசியோடு காத்திருந்த ஆசாரி.

கடைசியில் தாய்மாமன் ஜமுக்காளத்திலேயே உட்கார்ந்தார். பின்சுவரில் கம்பளத்தைத் தொங்கவிட்டு, யாரோ மாலையும் போட்டார்கள். குழந்தை வீறிட்டது, காதுகள் குத்தப்பட்டன. முத்துப்பிரியா சுவரைப் பார்த்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பாவே வந்து நிக்கிற மாதிரி இருக்குண்ணே. மச்சத்தத்தான் மாத்தி வச்சுட்டு வந்துட்டாக."

அதன் பிறகு அவள் புகுந்த வீட்டில் எவரும் 'தொடக்கவிழா' என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்; ஏனென்றால் பந்தி முடிவதற்குள் வினோத்குமார் ஆசாரியைத் தனியே அழைத்து, "அண்ணே, இந்த ஊசியெல்லாம் எங்க வாங்குறீக?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

வாசகரே, சிரித்தது போதும். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒருமுறை ஏறிப் பாருங்கள். என்ன, ஏணி இல்லையா? அதைச் செய்யத் தொடங்கி, மூன்றாம் படியோடு நிறுத்தியவர் யார்?