தாலாட்டு சாரின் முதல் பீரியடு

தமிழ்நாட்டில் பிள்ளைகளைத் தூங்கவைக்காத வாத்தியார் யாருமில்லை. ஆனால் அதை வேலை நேரத்தில், திட்டம் போட்டு, சாக்கு விரித்துச் செய்த ஒரே தலைமையாசிரியர் எங்கள் தாலாட்டு சார்தான். மற்றவர்களுக்குப் பாடம் நடத்தினால்தான் அது கைகூடும். இவர் பாடத்தை நிறுத்திவிட்டே அதைச் சாதித்தார்.

அறுபதுகளின் கடைசியில், விருத்தாசலத்தில், ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பீங்கான் சூளைகளை ஒட்டி ஒரு நடுநிலைப்பள்ளி இருந்தது. நான் அங்கே கணக்கு டீச்சர். எட்டாம் வகுப்புக்கு அப்போது அரசாங்கப் பரீட்சை உண்டு. எங்கள் பள்ளியில் அதில் பாஸாவது ஒரு விபத்து மாதிரி. எப்போதாவது நடக்கும், யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். இதற்கான காரணத்தை எங்கள் தமிழ் ஐயா ரொம்ப நாள் முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தார். "இதுங்க மண்டையில இருக்கறது பூரா களிமண்ணு" என்பார். களிமண்ணில் கப்பும் சாஸரும் ஊறுகாய் ஜாடியும் செய்து ரயிலேற்றி அனுப்புகிற ஊரில் அதை எப்படித் திட்டாக எடுத்துக்கொள்வது என்று பிள்ளைகளுக்குப் புரியவில்லை. மரியாதையாகத் தலையாட்டுவார்கள்.

அடுத்த பரீட்சையிலும் இதே லட்சணம் என்றால் பள்ளியை மூடி, ஊருக்குள் இருக்கிற பெரிய பள்ளியோடு சேர்த்துவிடுவதாக மேலிடத்தில் பேச்சு. சேர்ப்பதெல்லாம் காகிதத்தில்தான். எங்கள் பிள்ளைகள் தண்டவாளம் தாண்டி அங்கே போக மாட்டார்கள், நேராகச் சூளைக்குத்தான் போவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தச் சமயத்தில்தான் தாலாட்டு சார் மாற்றலாகி வந்தார்.

ஒல்லியான மனுஷர். எதையும் ரகசியம் போலத்தான் சொல்வார். "டீச்சர், சாக்பீஸு இருக்குதா" என்று அவர் கேட்டாலே ஏதோ திருட்டுக்குக் கூட்டுச் சேர்வது போலிருக்கும். வந்த புதிதில் காலையில் ஆளையே காணோம். கையெழுத்துப் போட்டுவிட்டு ஊர் சுற்றுகிற ரகம் என்று தமிழ் ஐயா முடிவு கட்டினார். குரலில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

ஒருநாள் மணி அடிக்கிற நேரத்துக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் புடைசூழ வந்தார். அவர்களைப் போலவே அவருக்கும் தலை, புருவம், வேட்டி எல்லாம் வெள்ளை மண் பூசியிருந்தது. இத்தனை நாளும் விடியும் முன்னே அவர்களோடு சூளைகளுக்குப் போயிருக்கிறார். அப்பா மண் மிதிக்க, அம்மா கப்புகளை வைக்கோல் சுற்றி அடுக்க, பிள்ளைகள் பலகை சுமக்கிறார்கள். அது முடிந்துதான் பள்ளிக்கு வருகிறார்கள். எங்களையெல்லாம் கூப்பிட்டு வைத்து, வழக்கமான ரகசியக் குரலில் சொன்னார்: "பசங்களுக்கு மண்டையில ஒண்ணும் கோளாறு இல்லீங்க. கண்ணுலதான் தூக்கம் இருக்குது. விடியறதுக்கு முன்ன எழுந்து மண்ணு தூக்கிட்டு வந்தவன்கிட்ட அசோகரைப் பத்திச் சொன்னா, அது அசோகருக்கே மரியாதை இல்ல."

மறுநாள் முதல் பீரியடு ரத்து. நிலக்கடலை மண்டிக்காரர் ஒருவரைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய பழைய சாக்குகளை வகுப்புகளில் விரித்துப் பிள்ளைகளைப் படுக்கச் சொன்னார். இதில் ஏதோ தண்டனை ஒளிந்திருக்கிறது என்று அவர்கள் கண்ணை மூட மறுத்தார்கள். அதனால் வராந்தாவில் நடந்துகொண்டே வாய்ப்பாட்டை மெல்லிய குரலில் ராகம் போட்டுச் சொல்ல ஆரம்பித்தார். பதினாறாம் வாய்ப்பாடு வருவதற்குள் பள்ளிக்கூடம் முழுக்கக் குறட்டை. தாலாட்டு என்று பெயர் வைத்தது தமிழ் ஐயாதான். அந்த மாதம் அவர் செய்த இலக்கியப் பணி அது ஒன்றே.

பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து, எந்தப் பிள்ளைக்கு எது வரவில்லை என்று ஒவ்வொருவராகப் பேச வேண்டும். அதாவது முதல் பீரியடில் பிள்ளைகள் தூங்க, ஆசிரியர்கள் விழித்திருக்க வேண்டும். அதுவரை பள்ளியில் இருந்த நடைமுறைக்கு இது நேர்மாறு என்பதால் எங்களுக்குப் பழகச் சிரமமாக இருந்தது. என் வகுப்பில் பாதிப் பேருக்கு வகுத்தல் வராததற்குக் காரணம் கழித்தலே வராததுதான் என்று அங்கே பேசிப் பேசித்தான் வெளியில் வந்தது. எட்டாம் வகுப்புக்கு மூன்றாம் வகுப்புக் கணக்கிலிருந்து தொடங்கினேன். அவமானமாக இருந்தது. ஆனால் அவர்களுக்குப் புரிந்தது.

விட்டுப்போன பீரியடு நாலு மணிக்குப் பிறகு நடந்தது. அந்த நேரத்தில் எவன் உட்காருவான்? அதற்கும் வழி வைத்திருந்தார். அதே மண்டிக்காரரிடமிருந்து மல்லாக்கொட்டை வாங்கி, மதிய உணவு அடுப்பில் வேகவைத்து ஆளுக்கு ஒரு பிடி. வேகிற வாசனை வகுப்புக்குள் வரும்வரை ஒருத்தரும் நகரமாட்டார்கள். வந்த பிறகு விரட்டினாலும் போகமாட்டார்கள்.

ஊருக்குள் செய்தி வேறு மாதிரிப் பரவியது. சூளையில் கப்பு அடுக்குகிற அஞ்சலை, எட்டாம் வகுப்புச் செல்வியின் அம்மா, வைக்கோல் ஒட்டிய புடவையோடு நேரே வந்துவிட்டார்.

"புள்ளைய படிக்க அனுப்புனா தூங்க வெக்கிறீங்களாமே சார். தூங்கறதுக்கு எங்க வூட்டுல எடம் இல்லியா?"

"எடம் இருக்குதும்மா. நேரந்தான் இல்ல" என்றார் இவர்.

அஞ்சலை, சாக்கின் மேல் சுருண்டு கிடந்த மகளை ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சூளைக்கே திரும்பிப் போய்விட்டார். மறுநாளிலிருந்து செல்வி சூளைக்குப் போவதில்லை என்று கேள்விப்பட்டோம். அடுத்தடுத்து வேறு சில தாய்மாரும் தங்கள் பிள்ளைகளை நிறுத்தினார்கள். சார் யாரையும் நிறுத்தச் சொல்லவில்லை. வந்து பார்க்கச் சொன்னார், அவ்வளவுதான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது பள்ளிகளைச் சோதிக்கிற டிப்டி இன்ஸ்பெக்டர் திடீரென்று வந்தார். முதல் பீரியடு. வாசலில் தாலாட்டு சார் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு எதிரே வந்து, ஷூவைக் கழற்றச் சொல்லி ஜாடை காட்டினார். உள்ளே ஏதோ துக்கம் என்று நினைத்து இன்ஸ்பெக்டரும் கழற்றினார். வராந்தாவில் கொஞ்ச தூரம் நுனிக்காலில் நடந்த பிறகுதான், தான் அதிகாரி என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. என்ன கூத்து இது என்று ஒரு சத்தம் போட்டார். பிள்ளைகள் அசையவில்லை. விதியை மீறிக் கண்ணயர்ந்திருந்த தமிழ் ஐயா ஒருவர்தான் துள்ளி எழுந்து, தூங்குகிற பிள்ளைகளுக்கு ஆஜர் பட்டியல் வாசிக்க ஆரம்பித்தார்.

யாரையாவது எழுப்பிக் கேள்வி கேட்கப் போவதாக இன்ஸ்பெக்டர் சொன்னார். மணி அடித்த பிறகு கேட்கலாமே என்று சார் பணிவாகச் சொல்லி, எங்கள் ஊர்க் கப்பில் டீ கொடுத்து உட்காரவைத்தார். மணி அடித்ததும் செல்வியைக் கூப்பிட்டுப் பின்னக் கணக்கு ஒன்றைக் கொடுத்தார் இன்ஸ்பெக்டர். போட்டாள். இன்னொன்று. அதையும் போட்டாள். பெண் தற்செயலாகப் போட்டுவிட்டது என்று சொல்லிக் கிளம்பினார். கொஞ்ச நாளில் மெமோ வந்தது: பள்ளி நேரத்தில் மாணவர்கள் உறங்கியது ஏன், விளக்கம் தருக. தாலாட்டு சார் ஒரே வரியில் பதில் எழுதினார்: "இரவில் உறங்காததால்."

அந்த வருஷப் பரீட்சையில் எட்டாம் வகுப்பில் பாதிக்கு மேல் பாஸ். செல்விக்கு நல்ல மார்க்கு. பள்ளியை மூடுகிற பேச்சு அப்படியே அடங்கியது. இந்த அதிசயத்துக்குக் காரணம் திடீர்ச் சோதனைகளின் கண்டிப்புதான் என்று மேலே அறிக்கை போனதாகக் கேள்வி. இன்ஸ்பெக்டருக்குப் பாராட்டு. தாலாட்டு சாருக்கு வேப்பூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றல்.

அவர் போன பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். போன நாளைக் கடைசியில் சொல்லத்தான் மனசு வருகிறது. புதிதாக வந்த தலைமையாசிரியர் தூக்கத்தை ஒழித்துச் சாக்குகளை அறையில் போட்டுப் பூட்டினார். செல்விக்கு அடுத்த பிள்ளையும் அங்கேதான் படித்தது. அதே வாரம் அஞ்சலை தலைமையில் தாய்மார் வந்து நின்று, எங்க புள்ளைங்க மொத பீரியடு எங்க என்று கேட்டார்கள். மனுஷர் பயந்துவிட்டார். டைம்டேபிளில் அது 'அமைதிப் பயிற்சி' என்ற பெயரில் திரும்பி வந்தது. அடுத்த முறை வந்த இன்ஸ்பெக்டர் அதை வெகுவாகப் பாராட்டி, மற்ற பள்ளிகளும் பின்பற்றலாம் என்று எழுதிவிட்டுப் போனார்.

சார் போனது ஒரு புதன்கிழமை காலை. வேப்பூர் பஸ்ஸு கிளம்ப நேரமிருந்தது. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு மூட்டை. வழியனுப்ப ஒரு பிள்ளைகூட வரவில்லை. அவருக்கு வருத்தமாக இருக்குமே என்று நினைத்து ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் பஸ் ஸ்டாண்டை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, என் பக்கம் குனிந்து, அந்த ரகசியக் குரலில் சொன்னார்:

"பாத்தீங்களா டீச்சர், ஒருத்தங்கூட வரல. எல்லாம் ஸ்கூலுல இருக்குது."

அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததேயில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், நான் மட்டும் அங்கே நிற்பது அவர் புத்தியில் பட்டிருக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, எட்டாம் வகுப்பை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார். அரை நாள் லீவு போட்டிருக்கிறேன் என்றேன். பஸ்ஸு திரும்பி மறைகிற வரைக்கும் அதற்காக என்னைத் திட்டிக்கொண்டே போனார். ஒரு வார்த்தைகூட விடாமல் கேட்டுக்கொண்டு நின்றேன்.