தோல்வியே காணாத பட்டை

உலகில் தோல்வியே காணாத பொருள் ஒன்று உண்டென்றால், அது எடை குறைவதற்காக இரைப்பையைச் சுற்றி மாட்டும் சிலிகான் பட்டைதான். அமெரிக்காவின் டொலீடோ நகரில் எங்கள் மருத்துவ இன்சூரன்ஸ் கம்பெனியின் பதினோரு ஆண்டுக் கோப்புகளைப் புரட்டிப் பாருங்கள். ஒரு பட்டைகூடத் தோற்றதில்லை. நோயாளிகள்தான் தோற்றிருக்கிறார்கள். முயற்சி போதாமல், பாவம், கூட்டம் கூட்டமாக.

இந்த மகத்தான உண்மையைக் காக்கவே, செலவுக்கு அனுமதி மறுக்கப்பட்டவர்கள் முறையிடும் மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. தலைவர் டாக்டர் விட்டாக்கர் நோயாளி முகத்தைப் பார்த்தே இருபது வருஷமாகிறது. ஆகவே பாரபட்சம் அறவே கிடையாது. சட்டப் பிரிவிலிருந்து பாம் அம்மையார். மூன்றாவது நான், ஹார்லன். நடுவில் ஒரு தட்டு டோனட்.

சென்ற செவ்வாய்க்கிழமை ஃபோனில் வந்தவர் லவெர்ன் நோவாக், ஸ்கூல் பஸ் ஓட்டுபவர். பட்டை இடம் நழுவிவிட்டதாம். அதை எடுத்துவிட்டு வேறு ஆபரேஷன் செய்ய அனுமதி வேண்டுமாம்.

"சார், தண்ணிகூட இறங்க மாட்டேங்குது. குடிச்சா அப்படியே திரும்பி வருது. நேத்து சிக்னல்ல பஸ்ஸை நிறுத்திட்டு கவர்ல வாந்தி எடுத்தேன். பின்னாடி நாப்பது பிள்ளைங்க."

தலைவர் தாளைப் புரட்டினார். "அம்மா, ரெண்டே மாசத்துல நாப்பத்தோரு பவுண்டு குறைஞ்சிருக்கீங்களே!"

"சாப்பிடாம கிடந்தா குறையாதா?"

"குறையணும்னுதானே பட்டை போட்டது? பிரமாதமா வேலை செய்யுது!"

"போன வருஷம் எடை ஏறிச்சு. அப்ப 'டயட்ல ஒழுங்கா இல்லை'ன்னு தள்ளிவிட்டீங்க. இப்ப குறையுதுன்னு தள்ளுறீங்க. நான் என்னதான்யா பண்ணித் தொலைக்கிறது?"

"நல்லா மென்னு சாப்பிட்டுப் பாருங்களேன்" என்றார் பாம், அன்போடு.

"தண்ணியையா?"

அந்த நேரம் பார்த்து நான் இரண்டாவது டோனட்டுக்காக எழுந்தேன். முட்டி 'மளுக்' என்றது. "ஐயோ!" என்று அலறிவிட்டேன்.

"யாருங்க அது? என்னாச்சு?" என்று பதறினார் லவெர்ன்.

"ஒண்ணுமில்லம்மா, நம்ம ஹார்லன். மூணு வருஷம் முன்னாடி முட்டியில வச்ச செயற்கை மூட்டு கழண்டுக்கிச்சு. வெள்ளிக்கிழமை புதுசு வைக்கிறோம்" என்றார் தலைவர்.

"உங்க கம்பெனி செலவுலயா?"

"பின்ன? பழுதான மூட்டை வச்சுக்கிட்டு மனுஷன் எப்படி நடப்பான்?"

"அவரு ஒழுங்கா நடந்தாரான்னு கேட்டீங்களா?"

தலைவர் தொண்டையைச் செருமினார். "ஓட்டுக்கு விடலாம்."

"ஹார்லன் சார், நீங்களாவது சொல்லுங்க. உள்ள வச்சது கழண்டா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமே சார்."

தெரியும். நன்றாகவே தெரியும். என் முட்டிக் கோப்பில் 'பொருளின் கோளாறு' என்று எழுதியிருக்கிறது. இந்தக் கோப்பில் 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று நானே என் கையால் எழுதினேன்.

"நிராகரிக்க ஆதரவு?" என்றார் தலைவர்.

கழன்றது முட்டிதான். கைக்கு ஒரு குறையும் இல்லை. மூன்று பேரில் முதலில் உயர்ந்தது அதுதான்.